வகுபடாத மாடு

எங்கள் மாட்டின் எண் 456989977669. இதைப் பார்த்தவுடன் உங்கள் உதடு பன்னிரண்டு இலக்கங்களையும் கூட்ட ஆரம்பித்திருந்தால் நீங்கள் எங்கள் பஞ்சாயத்தைச் சேர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும். உங்களுக்குச் சிரமம் வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். கூட்டினால் எண்பத்தைந்து. எட்டும் ஐந்தும் பதின்மூன்று. ஒன்றும் மூன்றும் நாலு. இந்த நாலு, நன்றாகப் பால் கறந்துகொண்டிருந்த ஒரு மாட்டை அறவு லாரி வரைக்கும் கொண்டுபோகப் பார்த்தது. அறவு என்றால் வெட்டு. இந்தப் பக்கத்தில் மாடு வைத்திருக்கும் யாருக்கும் அந்த லாரியின் ஹாரன் சத்தம் தெரியும்.

பாலக்காட்டு எல்லையில் இருக்கும் எருத்தேன்பதிப் பக்கம் எங்களுக்கு வீட்டில் தமிழ். அரசாங்கம் மட்டும் எங்களிடம் மலையாளத்தில் பேசும். அதனால் அரசாங்கம் சொல்வதில் பாதியைக் காதில் வாங்கிக்கொண்டு, மீதிப் பாதியை எங்கள் வசதிக்கு நாங்களே நிரப்பிக்கொள்வோம். மாட்டுக் கம்மலும் அப்படித்தான் வந்தது. மிருகாசுபத்திரியிலிருந்து ஓர் ஊழியர் குறடு மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார். ஒவ்வொரு மாட்டின் காதிலும் மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் அட்டையைக் குத்தினார். அதில் பன்னிரண்டு இலக்க எண். ஊசி போட்டதையும் இன்சூரன்ஸையும் பதிந்து வைப்பதற்கு என்று மலையாளத்தில் விளக்கமாகச் சொன்னார். நாடு முழுக்க ஒரு மாட்டுக்கு இருக்கும் எண் இன்னொரு மாட்டுக்கு இருக்காது என்றும் சொன்னார். எங்கள் ஆட்கள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்கள். ஊசியும் இன்சூரன்ஸும் அந்த ஊழியரின் பைக்கோடு போய்விட்டன. ஒன்று போல் இன்னொன்று இருக்காது என்பது மட்டும் ஊரில் தங்கிவிட்டது. ஒன்று போல் இன்னொன்று இல்லாமல், பிறந்ததும் வந்து ஒட்டிக்கொண்டு, சாகும்வரை கூட வருவதற்கு ஜாதகம் என்று எங்கள் ஊரில் ஏற்கெனவே பெயர் இருந்தது.

இதை முதலில் கண்டுகொண்டவர் தரகர். எங்கள் சுற்று வட்டாரத்தில் மாடு கைமாறினால் அதில் அவர் கை இருக்கும். துண்டைப் போர்த்தி அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. முன்பெல்லாம் அவர் சுழி பார்ப்பார். மாட்டின் நெற்றியிலும் முதுகிலும் மயிர் சுழன்றிருக்கும் இடங்களைத் தடவிப் பார்த்து, இது ராஜ சுழி, குடும்பம் தழைக்கும், இது பாடைச் சுழி, வாங்கினவன் ஊட்டில் இழவு விழும் என்று தீர்ப்புச் சொல்வார். கலப்பின மாடுகள் வந்த பிறகு அந்தப் பிழைப்பு படுத்துவிட்டது. சீமை மாட்டுக்குச் சுழி பார்ப்பது வெள்ளைக்காரனுக்கு நட்சத்திரம் பார்ப்பது மாதிரி என்று இளவட்டங்கள் அவர் முகத்துக்கு நேராகவே சிரித்தார்கள். எத்தனை லிட்டர் என்று மட்டும் கேட்க ஆரம்பித்தார்கள். தரகரை வேண்டாதவராக்கும் கேள்வி அது. லிட்டரைச் சொல்லத் தரகர் தேவையில்லை, ஒரு சொம்பு போதும்.

அந்த நேரத்தில்தான் மஞ்சள் கம்மல் வந்தது. தரகர் மாட்டின் முதுகைத் தடவுவதை விட்டுவிட்டுக் காதைப் பிடித்தார்.

அவர் சொன்ன விதி எளிமையானது. எல்லா இலக்கத்தையும் கூட்டி ஒற்றை இலக்கமாக்க வேண்டும். ஒன்று, மூன்று, ஐந்து, ஆறு, ஒன்பது நல்லவை. இரண்டும் ஏழும் சுமார். நாலும் எட்டும் ஆகாது. சுழியை நம்பாத அதே இளவட்டங்கள் இதை நம்பினார்கள். ஏனென்றால் இதில் கணக்கு இருந்தது. கணக்கு பொய் சொல்லாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களே.

பால் சொசைட்டி வாசலில் காலையில் கேனோடு வரிசையில் நிற்கும்போது எல்லோரும் முணுமுணுப்பதைப் பார்த்தால் ஏதோ நாமஜெபம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். ஊரே மாட்டுக் காதைக் கூட்டிக்கொண்டிருந்தது. தங்கள் பிள்ளைகளின் மார்க்கைக் கூட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் கூட்டினார்கள்.

விதி எளிமையாக இருந்ததுதான் தரகருக்குச் சிக்கலானது. தென்னந்தோப்புக்காரர் வீட்டில் ஒரு மாடு எட்டாகப் போய்விட்டது. ஊரில் பாதிக்கு மேல் தேங்காய் அவருடையது. அவருடைய மாட்டை ஆகாது என்று சொல்லும் தைரியம் சனி பகவானுக்கே இருக்காது, தரகருக்கு எப்படி இருக்கும்? இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு பரிகாரத்தோடு வந்தார். எண் பதினொன்றால் மீதியில்லாமல் வகுபட்டால் எட்டின் தோஷம் கழிந்துவிடுமாம். தோப்புக்காரரின் மாடு பதினொன்றால் வகுபட்டது. அப்புறம் பஞ்சாயத்து மெம்பரின் மாடு நாலாக வந்தது. அது பதினொன்றால் வகுபடவில்லை, ஏழால் வகுபட்டது. ஏழு, ஏழுமலையானின் எண் என்பது அப்போதுதான் தரகருக்கு ஞாபகம் வந்தது. ஏழும் பரிகாரமானது. இன்னொரு பெரிய வீட்டுக்காகப் பதின்மூன்றும் உள்ளே வந்தது.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. தரகரின் பட்டன் போனில் பன்னிரண்டு இலக்கம் அடிக்க இடமில்லை. பத்து இலக்கத்தை அடித்துவிட்டு மிச்சம் இரண்டை மனதில் வைத்துக்கொள்வார். அந்த மனதில் வைத்த இரண்டு இலக்கம் யார் வீட்டு மாடு என்பதைப் பொறுத்து வளைந்து கொடுத்தது.

நான் பத்தாவது வரை படித்தவள். பதினொன்றால் வகுபடுமா என்று பார்க்க, ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களைக் கூட்டிக் கழித்தால் போதும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கூட்டத்தில் எனக்குப் பேச வராது. சொசைட்டியில் என் கேனை ஊற்றும்போது கொழுப்பு குறைவாகப் போட்டுவிட்டார்கள் என்று தோன்றினாலும் வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்து எருமைச் சாணி மாதிரி உட்கார்ந்திருப்பேன். அப்படிப்பட்டவள் தரகரிடம் போய் உங்கள் போனில் இரண்டு இலக்கம் குறைகிறது என்று சொல்லுவேனா? பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று மட்டும் புரிந்தது. அவ்வளவு பெரிய எண்ணில் தேடினால் ஏதாவது ஒரு நல்ல குணம் அகப்படாமல் போகாது. தேடிக்கொடுக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

என் மாட்டுக்கு அப்படி ஆள் இல்லை.

எனக்கு இடுப்பில் தட்டு விலகிவிட்டது. கோயமுத்தூர் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு இனிமேல் குனியக் கூடாது என்றார். மாடு வைத்திருப்பவளிடம் இதைச் சொல்வது மீனிடம் நனையக் கூடாது என்று சொல்வது மாதிரி. வீட்டில் இரண்டு மாடு. வீட்டுக்காரர் விடிந்தால் மில்லுக்குப் போய் இருட்டின பிறகு வருபவர். ஒரு மாட்டை விற்றால்தான் நான் நிமிர்ந்து நடக்க முடியும். ஒன்று வயதானது, யாரும் வாங்கமாட்டார்கள். இன்னொன்று இரண்டாவது ஈத்து, கன்று போட்டு நாலு மாதம், காலையில் ஒன்பது லிட்டருக்குக் குறையாமல் கறக்கும், உதைக்காது, யார் கறந்தாலும் நிற்கும். இதை விற்க முடியாது என்று யாராவது சொன்னால் சிரித்திருப்பேன்.

வருபவர்கள் எல்லோரும் நேராகக் காதுக்குப் போனார்கள். மடியைப் பார்க்கவில்லை, பல்லைப் பார்க்கவில்லை, கறந்து காட்டச் சொல்லவில்லை. மாட்டுக்கே வெட்கமாக இருந்திருக்கும். காதைப் பிடித்து, உதட்டை அசைத்து, நாலு என்றதும் காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்தார்கள். ஒருவர் மட்டும் ஒன்பது நாலு இடத்தில் வருகிறதே, நல்ல நம்பர்தானே என்று இழுத்தார். கூட வந்த அவர் மச்சான், நாலு இடத்தில் வருகிறது என்று நீங்களே சொல்கிறீர்களே, அங்கேயும் நாலுதான் என்று அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

கடைசியில் தரகரையே கூப்பிட்டு விட்டேன். கமிஷன் கிடைக்கும் என்பதால் அவரும் முயற்சி செய்தார், பொய் சொல்லக் கூடாது. கட்டுத்தரையிலேயே குந்திக்கொண்டு பதினொன்றைப் பார்த்தார். நானும் மனதில் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினேன். ஒரு வரிசை நாற்பது, அடுத்த வரிசை நாற்பத்தைந்து, ஐந்து இடித்தது. அவர் ஏழால் வகுத்தார், ஒன்று மிச்சம். பதின்மூன்றால் வகுத்தார். மிச்சம் நாலு. மறுபடியும் அந்த நாலைப் பார்த்ததும் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். மனதில் வைத்திருந்த இரண்டு இலக்கம் என் மாட்டுக்கு வளைந்து கொடுக்கவில்லை.

"இது ஒட்டாத நம்பருங் அம்மிணி. எதுலயும் சேராது. இந்த மாடு போற ஊட்டுல நாலு பேரு சேந்து உக்காந்து சோறு திங்கமாட்டாங்க. நீங்களே பாருங்களே, உங்களுக்கு இடுப்பு போச்சு" என்றார்.

என் இடுப்பு போனது கம்மல் குத்துவதற்கு முன்னால். அதையும் நான் சொல்லவில்லை. அறவு லாரிக்காரன் வெள்ளிக்கிழமை வருவான், அவனிடம் பேசிவிடட்டுமா என்று தரகர் மெதுவாகக் கேட்டார். ஆகாத எண் உள்ள மாட்டை எண்ணைப் பார்க்காமல் வாங்குபவன் அவன் ஒருவன்தான். வற்றிப்போன மாடுகளை நானும் அந்த லாரியில் ஏற்றியிருக்கிறேன். அதில் எனக்குப் பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது. ஆனால் மடி நிறையப் பாலோடு, பால் குடிக்கும் கன்றோடு இருக்கிற மாட்டை, காதில் தொங்கும் பிளாஸ்டிக்கில் நாலு வருகிறது என்பதற்காக ஏற்றுவது எனக்கு முடியாமல் இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அன்றிலிருந்து நானும் வகுக்க ஆரம்பித்தேன். தரகரை நம்பியதால் அல்ல. நம்புகிறவர்கள்தானே மாடு வாங்க வேண்டும், அவர்களுக்குக் காட்ட ஏதாவது ஓர் எண் கிடைக்காதா என்று. கிழித்துப்போட்ட தினசரிக் காலண்டர் தாள்களின் பின்பக்கம் முழுக்க வகுத்தல். பதினேழு போகவில்லை. பத்தொன்பது போகவில்லை. இருபத்து மூன்று, இருபத்தொன்பது, முப்பத்தொன்று, ஒன்றும் போகவில்லை. நூறுக்குள் இருக்கும் பகா எண்கள் எல்லாவற்றையும் முடித்தேன். ஒவ்வொன்றும் கடைசி இலக்கம் வரை நல்ல பிள்ளை மாதிரி வந்து, கடைசியில் ஏதாவது ஒன்றை மிச்சம் வைத்துவிட்டுப் போயிற்று. வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே பார்த்துவிட்டு, "மாட்ட விக்கச் சொன்னா நீ அதுக்கு டியூசன் எடுத்துட்டு இருக்கறே" என்றார்.

இந்த எண்ணே ஒரு பகா எண்ணாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அதாவது தன்னையும் ஒன்றையும் தவிர வேறு எதனாலும் வகுபடாத எண். நிச்சயமாகச் சொல்ல வேண்டுமானால் இன்னும் எவ்வளவு தூரம் வகுத்துக்கொண்டே போக வேண்டும் என்று யோசித்தேன். காலண்டரில் அத்தனை தாள் இல்லை. விட்டுவிட்டேன்.

மறுநாள் சொசைட்டி வாசலில் தரகர் என் மாட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். எதிலும் வகுபடாத இப்படி ஓர் எண்ணைத் தன் அனுபவத்தில் கண்டதில்லை என்று, ஏதோ தலைச்சன் பிள்ளைக்கு வந்த வியாதியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். ஒதுங்கி நின்று கேட்டுக்கொண்டிருந்த தென்னந்தோப்புக்காரர் திடீரென்று என் பக்கம் திரும்பினார். அவரிடம் நான் அதற்கு முன் நேருக்கு நேர் பேசியதே இல்லை.

"எதுலயுமே வகுபடாதா அம்மிணி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. "எனக்குத் தெரிஞ்ச எதுலயும் வகுபடலீங்க மாமா" என்றேன்.

நான் சொன்னது ஐந்து சொல். அவர் காதில் விழுந்தது 'எதுலயும் வகுபடலீங்க' மட்டும். தெரிந்த என்ற சொல்லை அங்கே நின்ற யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய வீட்டு நிலவரம் தெரிந்திருந்தால் ஏன் என்று உங்களுக்கும் புரியும். அவருக்கு இரண்டு மகன்கள். ஒரே தோப்புக்குள் எதிரெதிரே இரண்டு வீடு. தோப்பைப் பாகம் பிரித்துக் கொடு என்று மூத்தவன் சில வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கேட்பதைப் பார்த்து இளையவனும் கேட்க ஆரம்பித்திருந்தான். தான் இருக்கும்வரை நிலம் துண்டாகக் கூடாது என்பது பெரியவரின் ஒரே பிடிவாதம். வகுபடாத ஒன்று ஊரில் இருக்கிறது என்றதும் அதைக் கொண்டுவந்து இரண்டு வீட்டுக்கும் நடுவில் கட்டிவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

தரகர் திரும்பிய வேகத்தைச் சொல்ல வேண்டும். பஸ்ஸுக்குக்கூட ஸ்டீயரிங் ஒடிக்க நேரம் வேண்டும். ஒட்டாத நம்பர் என்று ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தவர், அதே வாக்கியத்தைப் பிரியாத நம்பர் என்று முடித்தார். இதைத்தான் தான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். அன்று சாயங்காலமே துண்டு விரிந்தது, விரல்கள் பேசின. மாடும் கன்றும் தோப்புக்குப் போயின. நான் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். லாரிக்குப் போகவில்லை, கறக்கிற வீட்டுக்குப் போகிறது, எனக்கு அது போதும்.

போதும் என்று நினைத்தது ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. பாலக்காட்டில் காலேஜ் படிக்கும் மூத்தவனின் மகள் லீவுக்கு வந்தாள். அவளுடைய அப்பாரு, அதாவது தாத்தா, தினமும் காலையில் மாட்டின் காதைத் தொட்டுக் கும்பிடுவதைப் பார்த்து என்னவென்று விசாரித்திருக்கிறாள். அந்த எண்ணைத் தன் போனில் போட்டிருக்கிறாள். நான் காலண்டர் கிழித்ததற்கு எல்லாம் அந்தப் போனுக்கு ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லையாம். குனிந்து உட்கார்ந்து வகுத்த என் இடுப்பை நினைத்துக்கொண்டேன்.

தோப்பிலிருந்து ஆள் வந்தது. மாட்டைத் திரும்ப ஓட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டாராம் பெரியவர். பணம்கூட வேண்டாம், மாடு இருக்கக் கூடாது என்றாராம். திரும்பி வந்த மாடு, அதுவும் தோப்புக்காரரே திருப்பி அனுப்பிய மாடு என்றால், அதற்கப்புறம் எந்த எண்ணும் அதைக் காப்பாற்றாது. என்னால் வைத்துக்கொள்ளவும் முடியாது. வெள்ளிக்கிழமை லாரி ஒன்றுதான் மிச்சம். தரகரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வழி முழுக்க, பொண்ணுகளைப் படிக்க வைத்தால் இப்படித்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

தோப்பில் இரண்டு வீட்டாரும் வெளியே நின்றிருந்தார்கள். பெரியவர் கட்டிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாடு நடுவிலிருந்த கொட்டகையில் தவிட்டுத் தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் கவலையில்லாமல் இருந்தது அது ஒன்றுதான். நல்ல எண்ணம் தவிர வேறெதுவும் இல்லாத அந்தப் பெண் எங்களைப் பார்த்ததும் போனை நீட்டினாள்.

"இது பிரைம் இல்லைங்க. அப்பாருகிட்ட யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க. 746773ஐயும் 611953ஐயும் பெருக்கினா இந்த நம்பர் வரும். அந்த ரெண்டும் பிரைம். அதனால இது கரெக்டா ரெண்டாத்தான் பிரியும், வேற மாதிரி பிரியவே பிரியாது."

கரெக்டாக இரண்டாகத்தான் பிரியும் என்பதை, இரண்டு மகன்களை வைத்திருக்கும் ஒரு மனிதரின் முன்னால் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். மூத்தவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நான் சொன்னபோது கேட்கவில்லை, இப்போது மாடே சொல்கிறது என்பது மாதிரி அப்பாவைப் பார்த்தான். பிறகு மகள் கையிலிருந்த போனை வாங்கிப் பார்த்தான்.

"இதுல பெருசு எது? ஏழு லட்சம் மூத்தவனுக்குத்தான வரும்" என்றான்.

இளையவன், எந்தச் சட்டத்தில் அப்படி இருக்கிறது என்று கேட்டான். ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம் வருகிறது, அதைத் தான் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றான். எதில் ஒரு லட்சம், தேங்காயிலா, சென்ட்டிலா, ரூபாயிலா என்று யாரும் கேட்கவில்லை. இத்தனை வருடம் சரிபாதி கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர், என் மாட்டின் காதில் இருந்த எண்ணின் இரண்டு துண்டுகளுக்காகச் சட்டையைப் பிடிக்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள். படித்த பெண் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். காலேஜில் இப்படி ஒரு பாடம் இருக்காது.

தரகர் வியர்த்துப் போனார். கமிஷனைத் திரும்பக் கேட்பார்களோ என்ற பயம் அவருக்கு. ஆனால் பிழைக்கத் தெரிந்தவர். போனை வாங்கி இரண்டு எண்களையும் விரல்விட்டுக் கூட்டினார். ஒன்று முப்பத்து நாலு, மூன்றும் நாலும் ஏழு. இன்னொன்று இருபத்தைந்து, இரண்டும் ஐந்தும் ஏழு. அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தொலைந்த மாடு தானே வீட்டுக்கு வந்தது போல இருந்தது.

"ரெண்டும் ஏழுங்க. பாக்கறதுக்குத்தான் ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. உள்ள பாத்தா அண்ணனுக்கும் ஏழு, தம்பிக்கும் ஏழு. சமபாகம். இத ஆரு போட்ட பாகம்னு நெனைக்கறீங்க?" என்று மேலே கையைக் காட்டினார். மேலே தென்னை மட்டை இருந்தது.

நானும் மனதில் சரிபார்த்தேன். ஏழேழு நாற்பத்தொன்பது, நாலும் ஒன்பதும் பதின்மூன்று, ஒன்றும் மூன்றும் நாலு. கணக்கு ஓரிடத்திலும் பிசகவில்லை. கணக்கின் பேரில் எந்தத் தப்பும் இல்லை, பாவம்.

அண்ணனும் தம்பியும் அடங்கினார்கள். அடங்கினாலும் மாட்டின் கதி முடிவாகவில்லை. பிரியும் என்று தெரிந்த மாடு தன் கண்ணில் படக் கூடாது என்று பெரியவர் ஒரே பிடியாக நின்றார். கயிற்றை அவிழ்த்து அந்த அம்மிணி கையில் கொடுங்கள் என்றார். இளையவன் கொட்டகைப் பக்கம் போனான். என் வாழ்நாளில் கூட்டத்தில் நானாக வாய் திறந்தது அன்று ஒரு தடவைதான். அதுவும் யாரைப் பார்த்துக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

"பாலு எவ்ளோங்க கறக்குது?"

அந்த மாடு காது குத்திக்கொண்ட நாளிலிருந்து யாரும் கேட்காத கேள்வி அது. அங்கே நின்ற ஆண்கள் யாரும் அந்த மாட்டைக் கறந்ததில்லை. இளைய மருமகள் கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்றிருந்தாள். தினமும் கறப்பவள் அவள்தான்.

"காலைல ஒம்பதரை, பொழுதோட ஆறு" என்றாள். பிறகு தன் வீட்டுக்காரன் கையிலிருந்த கயிற்றை வாங்கி மறுபடியும் முளையில் சுற்றினாள். "ஊட்டுல இருக்கற மத்த மூணு மாடும் சேந்து இத்தன கறக்கறதில்ல. நம்பரு நல்லா இருக்கற மாடு மூணையும் வேணும்னா ஓட்டிட்டுப் போகச் சொல்லுங்க. இது போகாது."

மூத்த மருமகள் அவளோடு பேசி ஒரு வருடம் இருக்கும் என்பார்கள். அவளும் தலையை ஆட்டினாள். பெரியவர் கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டார். வெறும் கையோடு நான் வீட்டுக்கு வந்தேன். வெறும் கையோடு வந்ததில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு வேறு எப்போதும் இருந்ததில்லை.

மாடே பிரியும் என்ற பிறகு பெரியவரால் பிடித்து நிற்க முடியவில்லை. மழைக்கு முன்னால் தோப்பு இரண்டானது. அளந்து கல் நட்டு, நடுவில் செங்கல் சுவரும் எழும்பிற்று. காலைப் பால் மூத்தவனுக்கு, மாலைப் பால் இளையவனுக்கு என்று தரகர்தான் பிரித்துக் கொடுத்தார். பெரிய எண்ணுக்குப் பெரிய பால் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். இளையவன் அதைக் கண்டுபிடிக்க நாளாகாது.

பெரியவரைச் சில நாள் கழித்து சொசைட்டியில் பார்த்தேன். இரண்டு மகன்களின் பெயரிலும் தனித்தனியாக இரண்டு கேன் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். திருப்பவில்லை.

"எதுலயும் வகுபடாதுன்னியே அம்மிணி" என்றார்.

"எனக்குத் தெரிஞ்சதுலன்னு சொன்னேனுங்க மாமா."

"அத ஆரு கேட்டா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருடைய முறை வந்தது, கேன்களைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்.

தோப்பு வழியாகப் போகும்போது அந்தச் சுவரைப் பார்ப்பேன். கிழக்கிலிருந்து ஒரு துண்டும் மேற்கிலிருந்து ஒரு துண்டும் வந்து, மாட்டுக் கொட்டகையின் இரண்டு பக்கத்திலும் அப்படியே நின்றுவிட்டன. கொட்டகையை யார் பக்கம் விடுவது என்று இன்னும் முடிவாகவில்லை. அந்த இடைவெளியில் படுத்து மாடு அசைபோட்டுக்கொண்டிருக்கும். பால் கறக்கவும் சாணி அள்ளவும் இரண்டு மருமகள்களும் அந்த இடைவெளி வழியாகத்தான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வருகிறார்கள். வெள்ளிக்கிழமை லாரி ஹாரன் அடித்துக்கொண்டு தோப்பைத் தாண்டிப் போகிறது.